நெல் போன வீட்டில் எதை முதலில் காப்பது?

வாசகர் கடிதம் (சுருக்கம்):

"நான் ரங்கூனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் குடும்பம் பெகு பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. ஒன்பது ஏக்கர். போன வருஷம் நெல் பாதி பதர். இந்த வருஷம் கதிர் வாங்குகிற நேரத்தில் தண்ணீர் ஏறிப் பதினைந்து நாளுக்கு மேல் நின்று எல்லாம் அழுகிவிட்டது. போனில் கேட்டால் அண்ணன் 'ஒண்ணுமில்லடா, சமாளிச்சிக்கலாம்' என்கிறார். போன வாரம் நேரில் போனேன். அண்ணி எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் அப்போதே சாப்பிட்டாயிற்று என்றார். ஆளே பாதியாக இருக்கிறார். மூன்று வயதுப் பையனும் இளைத்திருக்கிறான். ஒன்பதாவது படிக்கும் பெண்ணை ரங்கூன் ஓரத்து லைங்தாயாவில் ஒரு தையல் கம்பெனிக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. அண்ணன் யாரோடும் பேசுவதில்லை. ராத்திரியில் எழுந்துபோய் வரப்பில் உட்கார்ந்துகொள்கிறாராம். நிலத்தை விற்றுவிட்டு எல்லோரையும் ரங்கூனுக்கு வரச் சொல்லிவிடலாமா? நான் அனுப்பக்கூடியது எதற்கும் போதாது. கோவில் வரி கட்டவில்லையே என்று அம்மா அழுகிறார். நாலு மாதக் கைக்குழந்தைக்குக்கூடத் தொண்டை கட்டிப்போய் அழுகைச் சத்தமே வரவில்லை. வழி சொல்லுங்கள்."

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அண்ணிக்குப் போன் செய்யுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே பெகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். விடியட்டும், சந்தை நாளாகட்டும் என்று தள்ள வேண்டாம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் நாலு மாதக் குழந்தை வாயைத் திறந்து அழுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் அதைச் சளி என்று விட முடியாது. பெரிபெரியாக இருக்கலாம். அதாவது தயமின் எனும் பி1 சத்து தாயின் உடம்பில் தீர்ந்துபோய், அதனால் பாலிலும் இல்லாமல் போய், குழந்தையின் நரம்பையும் இருதயத்தையும் தாக்குகிற நோய். பால் குடிக்க மறுக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்று கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மணி பார்க்காமல் கிளம்ப வேண்டும். பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தெளிவு தெரியும். போடாவிட்டால் இருதயம் நின்றே போகலாம். டாக்டரிடம் "வீட்டில் வெறும் சோறுதான், தாய்க்குப் பி1 குறைவாக இருக்குமோ என்று பயம்" என்று அண்ணியே வாய்விட்டுச் சொல்லட்டும். வேறு நோயாக இருந்தால் அதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அண்ணிக்கும் மாத்திரை வேண்டும். கிராமத்துச் சயாமாவிடமே, அதாவது ஊர் மருத்துவச்சியிடமே, கேட்கலாம், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பி1 கொடுப்பது இந்த நாட்டில் பழகிய காரியம்.

வெள்ளத்துக்கும் குழந்தையின் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் அந்தச் சம்பந்தத்தில்தான் இருக்கிறது.

கையில் காசு குறைந்தால் ஒரு வீட்டில் சோறு குறையாது, தொட்டுக்கொள்வதுதான் குறையும். முதலில் மீன் போகும், அப்புறம் முட்டை, அப்புறம் பருப்பும் வேர்க்கடலையும். கடைசியில் சோறு, கொஞ்சம் ஙாப்பி என்கிற மீன் விழுது, ஒரு மிளகாய். வயிறு நிறைந்ததுபோல் இருப்பதால் பட்டினி என்று யாரும் பேர் வைக்க மாட்டார்கள். ஆனால் இங்கே நாம் தின்பது தீட்டிய பச்சரிசி. தவிட்டோடு பி1 போய்விட்டது, மிச்சம் இருந்தது களைந்த தண்ணீரோடும் வடித்த கஞ்சியோடும் போய்விடுகிறது. அதற்கு மேல் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். நம் ஆட்களிடமும் உண்டு, பர்மாக்காரர்களிடமும் உண்டு: பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி. சமைத்து முடித்த களைப்புக்கு வெற்றிலைப் பாக்கும் கடுந்தேநீரும். அவை இருக்கிற கொஞ்சம் பி1-ஐயும் கெடுக்கும். 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பிராடன் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுந்தார்கள், பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்கள் அவ்வளவாக விழவில்லை. அவர்கள் தின்றது புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை நாம் ஊரோடு ஒத்துப்போய் விட்டுவிட்டோம். நெல் கைக்கு வரும் வருஷத்தில் அண்ணி ஒரு பானை அவித்துக் காயவைத்தால் நல்லது. இப்போதைக்கு மாத்திரை, ஆளுக்கு ஒரு பிடி பருப்பு, வடிக்காத சோறு.

பெகு பக்கம் உளுந்தும் பாசிப்பயறும் விளையாத ஊர் குறைவு. விளைவித்தவள் வீட்டில் ஒரு பிடி உளுந்து இல்லை என்றால், பிழை எங்கே நடக்கிறதென்று பார்க்க வேண்டும்.

பயிர் அழிவது ஒரு வாரத்துச் சங்கதி. அதற்குப் பிறகு அந்த நஷ்டம் வீட்டுக்குள் வந்து ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். ஏறுவதற்கு ஒரு வரிசை உண்டு. 2008 நர்கிஸ் புயலுக்குப் பிறகு ஐராவதி டெல்டா கிராமங்களில் நிவாரண வேலையில் இருந்த காலத்திலிருந்து இந்த வரிசையைப் பல வீடுகளில் பார்த்துவருகிறேன். யார் வாய் திறக்க மாட்டாரோ அவர் கணக்கில்தான் முதலில் ஏறுகிறது. அண்ணி "அப்போதே சாப்பிட்டாயிற்று" என்பார். மகள் "எனக்குப் படிப்பு வரல சித்தப்பா" என்பாள். விதைக் குதிர் பேசவே பேசாது, சத்தமில்லாமல் காலியாகும். சத்தம் போடக்கூடியவர்களுக்கு, அதாவது வட்டிக்காரருக்கும் வங்கிக் குழுவுக்கும் கோவில் வரிக்கும் கல்யாண மொய்க்கும், பணம் எப்படியோ போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வெளியே மானம் மிஞ்சியிருக்கும். அடுத்த பயிரை எடுப்பதற்கு வேண்டிய ஆளும் விதையும் இருக்காது. உங்களிடம் நான் கேட்பதெல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாக்க ஒரு கை கொடுங்கள் என்பதுதான்.

அண்ணன் "ஒண்ணுமில்லடா" என்பதன் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகமாகச் சொல்கிறேன். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்குப் புரியும். விவசாய வளர்ச்சி வங்கியின் மழைக்கால நெல் கடன் ஆண்டுக்கு ஒற்றை இலக்க வட்டி, பத்து ஏக்கர் வரைக்கும். வட்டி சுகம்தான், ஆனால் ஏக்கருக்குக் கொடுக்கிற தொகை உரம் வாங்கவே காணாது. இன்னொன்று, ஐந்து முதல் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் அடுத்த பருவத்தில் மற்றவர் கடனும் நின்றுபோகும். இந்த வெட்கத்துக்குப் பயந்து, வங்கிக் கடனைக் கட்டுவதற்காகவே வெளியில் மாதம் நூற்றுக்கு ஐந்து, சமயத்தில் பத்து வட்டிக்கு வாங்குகிறவர்கள் ஏராளம். நாற்று நட ஒரு லட்சம் கியாட் பத்து வட்டிக்கு வாங்கினால் அறுவடைக்குள் அது ஒரு லட்சத்து அறுபதாயிரம். பயிரும் போயிற்று என்றால் பத்தாவது மாதத்தில் வட்டி முதலைத் தொட்டுவிடும். அதைவிட மோசம் சபாபே. பயிர் பச்சையாக நிற்கும்போதே மலிந்த விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டு, களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பது. நெல் வராத வருஷத்தில் அந்த பாக்கி அடுத்த வருஷத்து நெல்லின் மேல் கூடுதல் கூடைகளாகப் போய் உட்காரும். அண்ணனுக்கு இதில் எத்தனை உண்டோ எனக்குத் தெரியாது. ஒன்றாவது இருக்கும்.

இதில் மாதங்களின் சதியும் சேர்கிறது. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். நாற்று விடுவதும் ஜூனில், உரம் வாங்குவதும் அந்த மாதத்திலேயே. வீட்டு நெல் தீர்வதும் அப்போதுதான். ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் சாதாரண வருஷத்திலேயே கை வறண்டிருக்கும், நவம்பர் டிசம்பர் அறுவடையை நம்பித்தான் அந்த மாதங்களைத் தள்ளுகிறோம். உங்கள் அண்ணன் வீடு இரண்டு வறண்ட காலத்தை நடுவில் அறுவடை இல்லாமல் ஒட்டவைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டிய முதல் வேலை விதை. தண்ணீர் வடிந்த வயலில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்திலேயே உளுந்தோ பாசிப்பயறோ விதைத்தால் மாசிக்குள் கைக்கு வரும். நெல் போன வருஷத்தில் இது ஒன்றுதான் வீட்டைத் தூக்கிவிடக்கூடியது. ஈரம் காத்திருக்காது, கார்த்திகை பாதி தாண்டினால் பயன் குறையும். குதிரில் இருந்த விதை வெள்ளத்தில் நனைந்திருந்தால் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். நூறு விதை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து, மூன்று நாலு நாளில் எத்தனை முளை விட்டிருக்கிறது என்று எண்ணட்டும். எண்பதுக்கு மேல் என்றால் விதைக்கலாம். அறுபது என்றால் நெருக்கமாகத் தூவ வேண்டும். அதற்கும் கீழே என்றால் சமையலுக்கு வைத்துக்கொண்டு வேறு விதை வாங்க வேண்டும். கடையில் வாங்கும் விதைக்கும் இதே சோதனைதான். ஒன்பது ஏக்கருக்கும் விதை கிடைக்காவிட்டால் மேட்டு வயல் மட்டும் போதும்.

உளுந்தை நம்பச் சொல்கிறேனே தவிர, அதன் விலையை நம்பச் சொல்லவில்லை. பர்மாவில் உளுந்தைத் தின்பவர்கள் குறைவு, விளைவதில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் போகிறது. 2017 ஆகஸ்டில் டெல்லி பருப்பு இறக்குமதிக்கு வரம்பு கட்டியதும் இங்கே விலை விழுந்தது. வானம் பொய்க்கவில்லை, விளைச்சல் குறையவில்லை, ஆனாலும் பல வீடுகளில் அந்த வருஷம் பயிர் போன வருஷம் மாதிரிதான். 2021இல் ஆண்டுக்கு 250,000 டன் உளுந்து வாங்குவதாக ஐந்தாண்டுக்கு ஓர் உடன்பாடு வந்தது, கொஞ்சம் மூச்சு விட்டார்கள். சென்னையில் இட்லி தின்பவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அண்ணன் செய்ய வேண்டியது, அறுத்த உளுந்து முழுவதையும் ஒரே நாளில் தரகருக்கு அளக்காமல், வீட்டுக்கு ஒரு பங்கும் விதைக்கு ஒரு பங்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விற்பது.

அடுத்த மழைக்கு நெல் ரகம் மாற்றலாமா என்று அண்ணன் கேட்டால், சுவர்ணா சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லுங்கள். ஆனால் அது இளம் பயிருக்குத்தான். கதிர் வாங்குகிற பருவத்தில் வருகிற தண்ணீருக்கு எந்த ரகமும் மருந்தில்லை. இந்த வருஷம் அவர் எந்த ரகம் போட்டிருந்தாலும் போயிருக்கும். இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் வரப்பில் உட்கார்ந்திருக்கும் மனிதர் "நான் அப்படிச் செய்திருக்கலாமே, இப்படிச் செய்திருக்கலாமே" என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

இனி நிலம்.

விற்கச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். வெள்ளம் வந்த ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க நிற்பார்கள், வாங்க வருபவர் ஒருவரோ இருவரோ. உழவு மாட்டுக்கும் கைட்ராக்டருக்கும் இதே கதிதான். நம் சமூகத்துக்கு இந்த நாட்டில் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1930இல் உலகச் சந்தை விழுந்து நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. பயிர் நன்றாகத்தான் விளைந்திருந்தது. கடனைக் கட்ட முடியாமல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலம் கை மாறியது. செட்டியார்கள் கையில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த நிலம் 1930களின் கடைசியில் 25 சதவீதம் ஆனது. அவர்கள் விரும்பி வாங்கியதும் இல்லை, வட்டிக்குப் பதிலாக வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயி கண்ணுக்கு முன்னால் தெரிந்த தமிழன் மேல் கோபப்பட்டான். அந்தக் கோபத்தின் மிச்சத்தை நாம் எவ்வளவு காலம் சுமந்தோம் என்று உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்லியிருப்பார். இரண்டு கெட்ட வருஷத்தில் விற்ற நிலத்தைத் திரும்ப வாங்கியவர்கள் அதிகம் இல்லை.

தவிர்க்கவே முடியாது என்றால், விற்பதற்கு முன் ஒத்தி. ஒன்பது ஏக்கரில் இரண்டு மூன்று ஏக்கரை, அதுவும் தண்ணீர் ஏறுகிற பள்ளத்தை, இத்தனை வருஷம் என்று கெடு வைத்து ஒத்திக்கு விடலாம். வாங்குகிறவர் பயிர் செய்துகொள்வார், வட்டி ஓடாது, முதலைக் கொடுத்தால் நிலம் திரும்பும். எழுத்தில் இருக்கட்டும், இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். நில உரிமைக்கான ஏழாம் நம்பர் படிவத்தின் அசலைக் கொடுக்கவே கூடாது. அந்தப் படிவம் யார் பேரில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். 2012 நிலச் சட்டத்துக்குப் பிறகு விற்கவும் அடகு வைக்கவும் வங்கிக் கடன் வாங்கவும் அந்தக் காகிதம்தான் எல்லாம். நம் குடும்பங்களில் அது செத்துப்போன அப்பா பேரில் கிடக்கும், அல்லது அடையாள அட்டைத் தகராறால் தெரிந்தவர் பேரில் கிடக்கும். அப்படியானால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

ரங்கூனுக்கு வந்து எப்படிப் பிழைப்பார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். வாடகை, தண்ணீர், அரிசி எல்லாம் காசு. கிராமத்தில் கையில் காசு இல்லாவிட்டாலும் வாய்க்கால் மீனும் வேலியோரக் கீரையும் உண்டு. வங்காளத்தில் 1943இல் இரண்டு மூன்று மில்லியன் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் இங்கேயிருந்து போகிற அரிசி நின்றது ஒரு காரணம். ஆனால் அரிசியே இல்லாமல் போனதால் மட்டும் அவர்கள் சாகவில்லை என்பதைப் பின்னால் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் காட்டினார். விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. கூலிக்காரர், மீனவர், நாவிதர் என்று கையில் நெல் இல்லாதவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். நம் பக்கத்துத் தாது வருஷப் பஞ்சத்திலும், 1876 முதல் 1878 வரை, சென்னைத் துறைமுகம் வழியாகத் தானியம் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ஆங்கிலேய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அது உயிர் தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்தக் காலத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நம்மில் பலர். பயிர் போவதற்கும் பஞ்சத்துக்கும் நடுவே நிற்பது வாங்கும் சக்திதான். நிலத்தை விற்று நகரத்துக்கு வருகிறவர் அதை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறார். உங்கள் அண்ணன் வீட்டில் இன்னும் பஞ்சம் வரவில்லை. பயிர் போயிருக்கிறது, அவ்வளவுதான். ரக்கைனில் இருப்பவர்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. அங்கே பஞ்சம் வரும் என்று 2024 நவம்பரிலேயே ஐ.நா. வளர்ச்சித் திட்டம் எச்சரித்தது. பாதை அடைத்து, சரக்கு நின்று, உரமும் விதையும் வராத ஊரில் தனிக் குடும்பம் செய்யக்கூடியது கொஞ்சம். உங்களுக்கு இன்னும் செய்ய இடம் இருக்கிறது.

பெண்ணின் படிப்பு. தையல் கம்பெனி வேலை கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். லைங்தாயாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பத்தையே தாங்குகிறார்கள். ஆனால் பதினாலு வயதில் போகிற பிள்ளை அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவது அபூர்வம். அவள் அனுப்பப்போகும் தொகையையும், அவளுக்கு விடுதி, சாப்பாடு, பஸ் போக மிஞ்சுவதையும் நீங்களே கணக்குப் போட்டு அண்ணனுக்குக் காட்டுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு அது வட்டியைக்கூடத் தொடாது. இந்தப் பள்ளி வருஷம் முடியும்வரை அவள் செலவு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். உங்களால் அனுப்ப முடிந்ததில் மிகக் குறைந்த காசுக்கு மிக அதிகப் பயன் இதில்தான். பையனாக இருந்திருந்தால் வேறு கவலை. 2024க்குப் பிறகு பதினெட்டு தாண்டிய பையன்கள் ஊரில் நிற்பதில்லை, காரணம் கட்டாய ராணுவச் சேவை என்று உங்களுக்கே தெரியும், நடவுக்கு ஆள் கிடைக்காததற்கும் அதுதான் காரணம்.

மூன்று வயதுப் பையனை அடுத்த முறை போகும்போது மடியில் வைத்து இடது கையின் மேல்பாதியை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். சுற்றளவு பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சயாமாவிடம் காட்ட வேண்டும். பதினொன்றரைக்குக் கீழே என்றாலோ இரண்டு பாதமும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தாலோ ஆஸ்பத்திரி. ஜிம்பாப்வேயில் 1980களின் வறட்சியில் சின்னக் குழந்தைகளாக இருந்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மழை திரும்ப வந்த பிறகும் உயரத்தில் பிந்தினார்கள், படிப்பிலும் பிந்தினார்கள். வயலுக்கு அடுத்த பருவம் உண்டு. இரண்டு வயதுக்குள் கிடைக்காமல் போன சத்துக்கு அடுத்த பருவம் கிடையாது. அதனால்தான் கைக்குழந்தையையும் அவளுடைய தாயையும் கணக்கின் தலைப்பில் வைக்கிறேன். பால் கொடுக்கிற தாய்க்கு மற்றவரைவிட நாளைக்கு ஐந்நூறு கலோரி கூடுதலாக வேண்டும். உங்கள் அண்ணிக்கு அது குறைவாகக் கிடைக்கிறது. அவர் கடைசியில் சாப்பிடுவதை உபதேசத்தால் மாற்ற முடியாது. அம்மாவிடம் பேசுங்கள். மாமியார் "நீ முதல்ல உக்காரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும், நீங்களும் நானும் நூறு வார்த்தை சொன்னால் நடக்காது.

அண்ணனைப் பற்றி. ராத்திரியில் வரப்பில் உட்கார்வதும், ஆள் பேச்சை நிறுத்துவதும் கடன்பட்ட விவசாயியிடம் நான் லேசாக எடுத்துக்கொள்கிற அறிகுறிகள் இல்லை. நேரில் போய், தனியாக, "அண்ணே, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை, இருப்பவருக்குச் சொல்ல ஒரு வாசல் திறக்கிறது. "ஆமாம்" என்றால் அவரைத் தனியாக விடாமல் யாராவது கூடவே இருக்க வேண்டும், டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் வீட்டிலிருந்து எடுத்து, தெருவில் வேறொரு வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். தேவைப்படும் நாளில் அளந்து வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு கடன் கணக்கைக் கேளுங்கள். மொத்தமாக "எவ்வளவு கடன்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லடா"தான் திரும்ப வரும். "நடவுக்கு யாரிடம் வாங்கினே? நெல்லா கொடுக்கணுமா, காசா கொடுக்கணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதில் எந்தக் கடன் வேகமாக வளர்கிறதோ அதற்குத்தான் முதல் பணம், எவர் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு அல்ல. வங்கிக் கடனுக்காக வெளியே வட்டிக்கு வாங்க வேண்டாம் என்று தடுங்கள். குழுவில் இருக்கும் மற்றவர்களின் வயலும் மூழ்கித்தான் இருக்கும். அவர்களும் வாய் திறக்காமல் ஆளுக்கு ஒரு பக்கம் வட்டிக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து போய்த் தவணை கேட்பது தனியாகப் போய் நிற்பதைவிட மேல். உங்கள் அண்ணன் முதல் ஆளாகப் பேச்சை எடுத்தால் மற்றவர்களுக்கும் உபகாரம்.

எவ்வளவு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம். எவ்வளவு என்பதைவிட, யாருக்கு என்பதுதான் பெரிது. எல்லாவற்றையும் அண்ணன் கையில் கொடுத்தால் அது வட்டிக்குப் போகும், அவரைக் குறை சொல்ல முடியாது, வாசலில் வந்து நிற்பவர் அவரைத்தான் கேட்கிறார். சமையலுக்கும் குழந்தைகளுக்குமான தொகையைத் தனியாக, மாதம் தவறாமல், அண்ணியின் போனுக்கு வேவ் மனியில் அனுப்புங்கள். திருட்டுத்தனமாக வேண்டாம். அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "இது புள்ளைங்களுக்கு, இதுல கடன் கட்டக்கூடாது, அம்மா மேல சத்தியம்." விதைக்கான பணத்தை ஒரே தடவையாக, முடிந்தால் விதையாகவே வாங்கி, அண்ணன் கையில் கொடுங்கள். அதை விதைக்கப்போவது அவர். அவருக்கு வேலை கொடுக்கிற பணமும் அதுதான்.

கோவில் வரியை இந்த வருஷம் கட்ட வேண்டாம். நிர்வாகிகளிடம் நீங்களே போய், வெள்ளத்தில் போன வீடுகளுக்கெல்லாம் சேர்த்து, உளுந்து அறுக்கும்வரை பாக்கியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவை அனுப்ப வேண்டாம், அவர் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.